பேருந்தின் முதுகில் ஒரு முகம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. மனநலப் பிரிவின் வரிசையையும் மதிக்காமல், டோக்கன் கொடுப்பவர் "ஏங்க, ஏங்க" என்று கத்தியதையும் மதிக்காமல், பஸ் ஓட்டும் பெண் ஒருத்தி நேராகப் பதினாலாம் எண் அறைக்குள் நுழைந்தாள். சீருடையில் இருந்தாள். கக்கத்தில் ஒரு பெரிய ஸ்டிக்கரைச் சுருட்டி இடுக்கியிருந்தாள். அதை மேசைமேல் போட்டு, இரண்டு கையாலும் நீவி விரித்து, மறுபடி சுருண்டுகொள்ளாமல் ஒரு முனையில் தண்ணீர் பாட்டிலை வைத்தாள். மறுமுனையைத் தன் முழங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, இது யாரு மூஞ்சி?"

அந்த அறைக்காரிக்கு மருத்துவமனையில் பேச்சக்கா என்று பெயர். டாக்டர் இல்லை. ஊசி போடமாட்டாள், மாத்திரை எழுதமாட்டாள். எதிரே உட்காருபவரைப் பேசவைத்து, அந்தப் பேச்சிலேயே சிக்கெடுப்பது அவள் வேலை. அதற்கென்று படித்து, பதினெட்டு வருடமாகச் செய்கிறாள். நர்சுகள் கிண்டலுக்கு வைத்த பெயர், நோயாளிகள் வாயில் ஏறியபிறகு மரியாதையாகிவிட்டது.

பேச்சக்கா ஸ்டிக்கரைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டிருந்தது எதிரே நிற்பவளின் அதே முகம்தான். முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'இப்பத்தான் நான் பழையபடி நானா இருக்கேன்.' அதற்கும் கீழே ஒரு மாத்திரை அட்டையின் படம், அதன் பெயர், 'உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.'

"உங்க முகம்தான்."

"எங்க ஒட்டியிருந்தாங்க தெரியுமா? என் பஸ்ஸுக்குப் பின்னாடி! நான் முன்னாடி உக்காந்து ஓட்டுறேன், என் மூஞ்சி பின்னாடி பல்லைக் காட்டிட்டு வருது. ஒரு வாரமா டெப்போவுல ஆளாளுக்குச் சிரிக்கிறானுங்க. 'என்னம்மா, பைத்தியத்துக்கு மாத்திரை சாப்பிடுறியாமே, பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு ஞாபகம் இருக்கா'ன்னு ஒருத்தன் கேட்டான். எனக்குத் தலையும் புரியல காலும் புரியல. இன்னைக்கு வண்டி கழுவுறப்பத்தான் பாத்தேன். உரிச்சு எடுக்கறதுக்குள்ள ரெண்டு நகம் போச்சு." அவள் விரல்களைக் காட்டினாள். "நீங்களே சொல்லுங்க. நான் என்னைக்கு மாத்திரை போட்டேன்?"

ஒரு நாளும் போடவில்லை. பேச்சக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு அது வேறு யாருக்கும் தெரியாது.

மூன்று வருடம் முன்பு, ஒரு மழை நாளில், இறங்கும் அவசரத்தில் ஒரு பெரியவர் படியில் வழுக்கிச் சக்கரத்துக்கு முன்னால் விழுந்தார். அவள்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவள் மனசுக்குள் நடந்த விசாரணை வேறு மாதிரி முடிந்தது. ஏழு மாதம் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. தூக்கம் போயிற்று, பசி போயிற்று, பெற்ற பிள்ளைகள் பேசினால்கூடச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனையில் ஓர் ஆய்வு தொடங்கியது. மனச்சோர்வுக்கு எது நன்றாக வேலை செய்கிறது, புதிதாக வந்திருக்கும் மாத்திரையா, முறைப்படி பேசும் சிகிச்சையா என்று பார்க்கும் ஆய்வு. நூற்று அறுபது பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்குப் பேச்சு. எட்டாவது வாரம் ஒரு முறை, பதினாறாவது வாரம் ஒரு முறை, ஒரு வருடம் கழித்து ஒரு முறை எல்லோரையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அவளுக்குக் குலுக்கலில் பேச்சு விழுந்தது. முதல் நாள் அவள் சொன்னதைப் பேச்சக்கா இன்னும் நினைத்துச் சிரிப்பாள். "பேசினா சரியாயிடும்னா, என் மாமியார் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் பேசுது. எங்க வீட்டுல யாருக்கும் எதுவும் சரியாகலையே."

ஆனால் வந்தாள். வாரம் தவறாமல் வந்தாள். முதல் மூன்று வாரம் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாவது வாரம் அந்தப் பெரியவரின் செருப்பு எந்தப் பக்கம் கிடந்தது என்று சொன்னாள், சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் அழுதாள். ஒன்பதாவது வாரம் இருவரும் டெப்போவுக்கே போனார்கள். ஓரங்கட்டிய ஒரு பஸ்ஸில், சாவியைத் தொடாமல், ஓட்டுநர் இருக்கையில் பத்து நிமிடம் உட்காருவது மட்டும்தான் அன்றைய பாடம். பன்னிரண்டாவது வாரம் சாவியைத் திருகினாள். இறங்கிப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்ப ஏறினாள். பதினாறாவது வாரம் டெப்போவைச் சுற்றி மூன்று வட்டம் ஓட்டினாள். பஸ்ஸில் இருந்த ஒரே பயணி பேச்சக்கா. கம்பியைப் பிடித்த பிடியில் அவள் உள்ளங்கை சிவந்துபோயிருந்தது.

ஒரு வருடம் கழித்துச் சோதனைக்கு வந்தபோது அவள் தன் பழைய வழித்தடத்தில் முழுநேரம் ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்று மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியும் ஒரு போட்டோகிராபரோடு வந்திருந்தான். எப்போதும் எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பதால் அவனுக்குச் சிரிப்புக்காரன் என்று பெயர். அரசாங்க உதவி பாதியில் நின்றபோது ஆய்வுக்குக் கைகொடுத்தது அவன் கம்பெனிதான். "ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்குப் போட்டோ எடுக்கிறோம்" என்றான். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டு, அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டு, ஏதோ ஒரு படிவத்தை நீட்டினான்.

"கையெழுத்து போட்டீங்களா?" என்று இப்போது பேச்சக்கா கேட்டாள்.

"போட்டேன். நீங்க பக்கத்துல நின்னீங்க. நீங்க நின்னதாலதான் படிக்காம போட்டேன்."

பேச்சக்காவுக்குக் காது மடல் சுட்டது. ஸ்டிக்கரை எடுத்துச் சுருட்டினாள். "இங்கயே உக்காருங்க. நான் மேல போயிட்டு வரேன்."

துறைத்தலைவரின் அறை இரண்டாம் மாடி. படியேறும்போது, இத்தனை நாள் கண்ணில் படாததெல்லாம் பட்டது. டோக்கன் மேசையின் பேனா தாங்கியில் மாத்திரையின் பெயர். சுவர்க் கடிகாரத்தில் அதே பெயர். நர்சுகள் காபி குடிக்கும் கோப்பைகளில் அதே பெயர். தன் கையிலிருந்த குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் இளநீலத்தில் அதேதான். அதற்குக் கீழேதான் அவள் ஆறு மாதமாக மனிதர்களின் கதைகளை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

துறைத்தலைவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். பேச்சு சிகிச்சைக்கென்று இந்த மருத்துவமனையில் ஓர் அறை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஸ்டிக்கரை விரித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"உக்காருங்க. இதுல பொய் எங்க இருக்கு? அவங்க சிரிக்கிறாங்க. அவங்க வாயால சொன்ன வார்த்தை. மாத்திரை சாப்பிட்டேன்னு எங்கயாவது போட்டிருக்கா? கீழ பாருங்க."

கீழே, கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துப் பார்த்தால் தெரியும் அளவில் ஒரு வரி இருந்தது. 'படம் விளக்கத்துக்காக மட்டும்.'

"எறும்பு படிக்கிற எழுத்துல போட்டா போதுமா சார்? ஓடுற பஸ்ஸுக்குப் பின்னாடி?"

"விளம்பரம் கம்பெனியோட சமாச்சாரம். நம்ம சமாச்சாரம் ஆராய்ச்சி. அது பெரிய இதழ்ல வந்தாச்சு. உங்க பேரும் இருக்கு, மூணாவது பேரு. அதுக்குச் சந்தோஷப்படுங்க."

"வந்தாச்சா? எப்போ?"

"ஆச்சே, நாலு மாசம். உங்களுக்கு அனுப்பச் சொல்லியிருந்தேனே..." அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு பிரதியைக் கொடுத்தார். வழவழப்பான தாளில், கல்யாணப் பத்திரிகைபோல் இருந்தது. கம்பெனி அச்சடித்து ஊர் ஊராக டாக்டர்களுக்குக் கொடுக்கும் பிரதி.

பேச்சக்கா படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றே படித்தாள். எட்டாவது வாரத்தில் மாத்திரைக் குழு முன்னிலையில் இருந்தது என்று எழுதியிருந்தது. அது உண்மை, பேச்சு பிடிப்பதற்குக் கொஞ்சம் நாளாகும். பக்கத்தைத் திருப்பினாள். பதினாறாவது வாரம் ஒரே ஒரு வரியில் போயிருந்தது. ஒரு வருடம்? திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள். ஒரு வருடம் இல்லவே இல்லை. 'ஆகவே இம்மாத்திரையே முதல் தேர்வாக இருக்கத்தக்கது' என்று முடிந்திருந்தது. முதல் பக்கத்தில், மூன்றாவதாக, அவள் பெயர்.

கீழ்த்தளத்தில் கணினி அறையில் இருப்பவர் ஆய்வின் எண்களைக் கூட்டிக் கழிப்பவர். புள்ளிவிவரம் போடுவதால் 'புள்ளி' என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். யாராவது உரக்கப் பேசினாலே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் சுபாவம்.

"புள்ளி, ஒரு வருஷத்து அட்டவணை எங்க?"

புள்ளி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "நான் போட்டுத்தான் கொடுத்தேன் அக்கா. மாத்திரையில குணமாகி அப்புறம் நிறுத்தினவங்கள்ல பாதிக்கு மேல திரும்ப விழுந்துட்டாங்க. உங்க குழுவுல அஞ்சுல ஒருத்தர்தான் விழுந்தாங்க. நல்லா வந்திருந்தது. நாலு தடவை சரிபார்த்தேன்."

"அப்புறம் என்னாச்சு?"

"இடம் இல்லைன்னாங்க. ரெண்டாவது கட்டுரையா வரும்னு சொன்னாங்க."

"யாரு எழுதுறாங்க அதை?"

"யாரும் எழுதல." அவர் குரல் இன்னும் இறங்கியது. "முதல் கட்டுரையே நம்ம ஆளுங்க எழுதினது இல்ல அக்கா. கம்பெனியிலிருந்து எழுதி வந்துச்சு. சார் ரெண்டு எடத்துல கமா போட்டாரு, அவ்வளவுதான்."

புள்ளி ஆரம்பித்தபின் நிறுத்தமுடியாதவர்போல் இன்னொரு தாளை எடுத்தார். மாத்திரைக் குழுவில் பத்தொன்பது பேர் பாதியில் விலகியிருந்தார்கள். கட்டுரையில் 'சொந்தக் காரணங்களால்' என்று இருந்தது. புள்ளியின் தாளில் அவர்கள் சொன்னது அப்படியே இருந்தது. உட்கார முடியவில்லை. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தோலுக்குள் ஏதோ ஊர்கிறது. படுத்தால் எழவேண்டும், எழுந்தால் நடக்கவேண்டும்.

படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவள் அண்ணன் இரண்டு மாதமாக நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறார்.

அண்ணன் லிப்ட் பழுதுபார்ப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கையோடுதான் இருக்கிறார். பன்னிரண்டு வருடம் முன்பு மனச்சோர்வு அவரை மொட்டைமாடி விளிம்புவரை கூட்டிக்கொண்டு போனது. ஒரு பழைய மாத்திரைதான் அங்கிருந்து இழுத்து வந்தது. அதைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டு, உயரத்தில் தொங்கிக்கொண்டு, வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

அறையில் காத்திருந்த பஸ் ஓட்டும் பெண்ணிடம் "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது அவர் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரு நிமிஷம் உக்காரு."

"உக்காந்தா எழுந்துக்கணும்போல இருக்கு. நீ சொல்லு, நான் நடந்துக்கிட்டே கேக்கறேன்."

"உன் டாக்டர் மாத்திரையை மாத்தினாரா?"

"மாத்தினாரே. ரெண்டு மாசம் ஆச்சு. புதுசு, இதைவிட நல்லதுன்னு ஏதோ பெரிய ஆராய்ச்சியில வந்திருக்காம். வழவழன்னு ஒரு புத்தகம்கூட மேசையில வெச்சிருந்தாரு." அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். கை நடுங்கியது. "இந்தக் கையை வெச்சுக்கிட்டு ஒரு திருகாணிகூட மாட்ட முடியல. வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்."

அட்டையைத் திருப்பிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. தன் பெயர் போட்ட கட்டுரையைக் காட்டித்தான் தன் அண்ணனுக்கு இதை எழுதியிருக்கிறார்கள். பேச்சக்கா சமையல் மேடையை ஓங்கி ஓர் அடி அடித்தாள். தட்டு ஒன்று கீழே விழுந்து சுழன்றது. அண்ணன் நடையை நிறுத்தினார். தங்கை கோபப்பட்டு அவர் பார்த்ததே அபூர்வம்.

எல்லாவற்றையும் சொன்னாள். பஸ், முகம், அட்டவணை, பத்தொன்பது பேர். கேட்டு முடித்ததும் அவர் முகமும் மாறிவிட்டது.

"இப்பவே இதைக் குப்பையில போடறேன்."

"வேண்டாம், நீயா நிறுத்தாதே. திடீர்னு நிறுத்தினா அது வேற வம்பு. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட நானும் வரேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும்."

"சரி. ஆனா நீ ஒண்ணு கேட்டுக்கோ." அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். "பழைய மாத்திரை இல்லேன்னா உனக்கு இன்னைக்கு அண்ணன் கிடையாது. கோபத்துல மாத்திரைன்னாலே பொய்னு சொல்லிட்டு வந்துடாதே. எங்களை மாதிரி ஆளுங்க அதைக் கேட்டுட்டு நிறுத்திடுவாங்க. எது பொய்யோ அதை மட்டும் சொல்லு."

"அதை மட்டும்தான் சொல்லப்போறேன்."

"ஆனா சத்தமா சொல்லு."

முதலில் முறைப்படியே போனாள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கு மூன்று பக்கம் எழுதினாள். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து என்று பதில் வந்தது. கையெழுத்துப் போட்டிருந்த குழுத்தலைவர் வேறு யாருமில்லை, துறைத்தலைவரேதான். இதழுக்கு எழுதினாள். கட்டுரையில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்து கேட்டால் பரிசீலிப்போம் என்றார்கள். கம்பெனிக்கு எழுதினாள். மூன்றாம் நாள் சிரிப்புக்காரன் ஒரு பூங்கொத்தோடு வந்து நின்றான்.

"மேடம், அந்த அக்காவுக்கு ஒரு சின்ன அன்பளிப்பு ஏற்பாடு பண்ணிடலாம். மனசு கஷ்டப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

"பூவை எடுத்துட்டு வெளிய போங்க."

"உங்களுக்கும் வெளிநாட்டுல ஒரு கருத்தரங்கு..."

"நான் எழுந்தா ரெண்டு பேருக்கும் நல்லா இருக்காது."

அவன் சிரித்துக்கொண்டே போனான். மேசையில் புது விளம்பரத் தாள் ஒன்றை மறக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தான். வரும் சனிக்கிழமை மருத்துவமனை அரங்கத்தில் இருநூறு டாக்டர்களுக்குக் கருத்தரங்கு. துறைத்தலைவர் ஆய்வு முடிவுகளைச் சொல்கிறார். பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் பஸ் ஓட்டும் பெண் "நானும் வரேன்" என்றாள்.

"வேண்டாம்மா. உங்களுக்கு என்ன பிரச்சினை இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதைக் காப்பாத்தறதும் என் வேலை."

"என் மூஞ்சி ஊரெல்லாம் சுத்துது. இனிமே தெரியறதுக்கு என்னக்கா பாக்கி?"

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் மாத்திரையின் பெயர் போட்ட ஒரு தோள்பை. மேடைக்குப் பின்னால் கூரைவரை உயர்ந்த படம், அதே முகம், அதே சிரிப்பு. மூன்றாவது ஆசிரியர் என்பதால் பேச்சக்காவுக்கு முதல் வரிசையில் பெயர் எழுதிய நாற்காலி. பஸ் ஓட்டும் பெண் பணிக்குப் போகும் வழியில் சீருடையிலேயே வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றாள். புள்ளி ஓரமாகக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து படங்களை மாற்றிக்கொண்டிருந்தார்.

துறைத்தலைவர் இருபது நிமிடம் அழகாகப் பேசினார். எட்டாவது வாரத்தின் கோடு திரையில் ஏறியது. கைதட்டினார்கள். "கேள்விகள் இருந்தால்..." என்றார்.

பேச்சக்கா எழுந்தாள். மைக் அவள் கைக்கு வந்தது. அவரே புன்னகையோடு, "எங்க குழுவைச் சேர்ந்தவங்கதான்" என்று அறிமுகப்படுத்தினார்.

"இந்தக் கட்டுரையில மூணாவது பேரு என்னுது. அச்சாகிற வரைக்கும் நான் இதைப் படிக்கல. அது என் தப்பு, அதை முதல்ல சொல்லிடறேன். நாங்க எல்லாரையும் ஒரு வருஷம் கழிச்சும் பாத்தோம். சார், அந்த அட்டவணையைக் காட்டுங்க."

"அதெல்லாம் இன்னும் ஆராய்ஞ்சிக்கிட்டு இருக்கோம். தனியா வரும்."

"விலகின பத்தொன்பது பேரு உட்கார முடியாம நடந்துக்கிட்டே இருந்ததால விலகினாங்க. 'சொந்தக் காரணம்'னு யாரு எழுதினது? இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் என் அண்ணனுக்கும் இதை எழுதியிருக்காங்க. அவரு ரெண்டு மாசமா..."

மைக் செத்துப்போனது. அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. சிரிப்புக்காரன் மேடையோரத்திலிருந்து கையை உயர்த்தி, "நேரமாயிடுச்சு, வெளியில காபி தயாரா இருக்கு" என்று அறிவித்தான். அவன் மைக் நன்றாகவே வேலை செய்தது. முன்வரிசையில் சிலர் பையை எடுத்துக்கொண்டு எழத் தொடங்கினார்கள்.

"எல்லாரும் அப்படியே உக்காருங்க!"

பின்னாலிருந்து வந்தது குரல். நெரிசல் நேரத்தில் படியில் தொங்கும் நாற்பது பேரை உள்ளே தள்ளிப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? எழுந்தவர்கள் தங்களை அறியாமல் உட்கார்ந்தார்கள். சீருடையில் ஒருத்தி நடுவழியில் நடந்து வருவதையும், அவள் முகத்தையும், மேடைக்குப் பின்னால் உள்ள முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அந்தப் படத்துல இருக்கறது நான்தான். இந்த மாத்திரையை நான் கண்ணாலகூடப் பாத்ததில்ல. வாரா வாரம் இந்த அக்காகிட்ட பேசித்தான் எனக்குச் சரியாச்சு. என் வண்டியில ஒரு மனுஷன் செத்துப்போனாரு. அதுலேருந்து வெளிய வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைத் தூக்கி மாத்திரைமேல ஒட்டியிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

யாரோ ஒருவர் சங்கடமாகச் சிரித்தார். அடுத்த நொடி அந்தச் சிரிப்பும் நின்றது. மூன்றாவது வரிசையில் நரைத்த தலையோடு ஒரு பெண் டாக்டர் எழுந்து நின்றார். வெளியூர்க்காரர். துறைத்தலைவரை நேராகப் பார்த்தார்.

"டாக்டர், இதை நான் அறுபது பேருக்கு எழுதியிருக்கேன். நீங்க எழுதினதை நம்பி. ஒரு வருஷக் கணக்கு முடிஞ்சுதா இல்லையா?"

"முடியப்போகுது..."

"முடிஞ்சு பதினோரு மாசம் ஆச்சு சார்."

சொன்னது புள்ளி. நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கவில்லை. குரல் கடைசி வரிசைவரை கேட்டது. துறைத்தலைவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பேச்சக்கா மேடைப்படியில் ஏறி நின்று, மைக் இல்லாமல், தொண்டை கிழியச் சொன்னாள். "ஒரே ஒரு வேண்டுகோள். உங்க நோயாளிங்க யாரையும் நாளைக்கே நிறுத்தச் சொல்லாதீங்க. கூப்பிட்டு உக்காரவெச்சுக் கேளுங்க. உட்கார முடியுதான்னு கேளுங்க."

அதன்பிறகு நடந்ததை அவள் வெற்றி என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. வெளியூர் டாக்டர் அன்றே புள்ளியிடமிருந்து அட்டவணையின் நகலை வாங்கிக்கொண்டு போய், இன்னும் பதினேழு டாக்டர்களின் கையெழுத்தோடு இதழுக்கு எழுதினார். ஐந்து மாதம் கழித்து இதழின் கடைசிப் பக்கத்தில், உள்ளங்கையளவுப் பெட்டியில் ஒரு திருத்தம் வந்தது. கட்டுரையை வழவழப்பான தாளில் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பெட்டியைப் பார்த்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. பஸ்களின் முதுகிலிருந்து அந்த முகம் போய்விட்டது. அதே இடத்தில், அதே சிரிப்போடு, விளம்பரத்துக்கென்றே நடிக்கும் ஒரு பெண்ணின் முகம் வந்தது. வார்த்தைகள் மாறவில்லை. சீருடையில் கூட்டத்துக்குப் போனதற்கு டெப்போவில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். "என் படத்தைக் கேக்காம ஒட்டினதுக்கு நீங்க முதல்ல விளக்கம் கொடுங்க" என்று அதன் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாள் அவள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அண்ணன் ஆறு வாரத்தில் படிப்படியாகப் பழைய மாத்திரைக்குத் திரும்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்தபின்னும் எழாமல் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பேச்சக்கா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

துறைத்தலைவர் பதவியில்தான் இருக்கிறார். பதினாலாம் எண் அறை மருந்துக் கிடங்கு விரிவாக்கத்துக்குத் தேவைப்பட்டது. பேச்சக்காவை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கிளைக்கு மாற்றினார்கள். உத்தரவை வாங்கப் போனபோது அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"கோபத்தை அடக்கறது எப்படின்னு ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறவங்க நீங்க."

"அடக்கச் சொல்லி நான் யாருக்கும் சொன்னதில்ல சார். அது யார்மேலன்னு தெரிஞ்சுக்கச் சொல்லுவேன். எனக்குத் தெரியும்."

புது இடத்தில் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து மூலையைக் கொடுத்தார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி. ஒருவருக்கு இருபது நிமிடத்துக்குமேல் கூடாது என்று சுவரில் ஒரு தாள். முதல் நாள் முதல் ஆளாக ஒரு பள்ளி ஆசிரியர் வந்து, உட்கார இடமில்லாமல் நின்றார். பண்டகசாலைக்காரரிடம் இன்னொரு நாற்காலி கேட்டாள். கோரிக்கைப் படிவம் பூர்த்தி செய்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் பத்து நாளில் வரும் என்றார் அவர்.

பேச்சக்கா நேராக நிர்வாகிகளின் கூட்ட அறைக்குள் போனாள். அங்கே மெத்தை வைத்த நாற்காலிகள் பன்னிரண்டு இருந்தன. ஒன்றைத் தலைகீழாகத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு, நடைபாதையில் நின்றவர்கள் விலகி வழிவிட, "அம்மா, அது கூட்ட அறை நாற்காலி" என்று பின்னால் ஓடிவந்த காவலாளிக்குத் திரும்பிப் பார்க்காமலே "தெரியும்" என்று சொல்லிக்கொண்டு வந்து, மேசைக்கு எதிரே போட்டாள். சுவரில் இருந்த தாளைக் கிழித்தாள்.

"உக்காருங்க" என்றாள் ஆசிரியரிடம். "எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம் பேசலாம்."